மளிகை பாக்கெட்டின் பின்பக்கம்

பிரெட்டிலிருந்து தொடங்கலாம். வெள்ளை பிரெட் பக்கத்திலேயே பழுப்பு பிரெட்டும் இருக்கும். பழுப்பு என்றால் கோதுமை என்று எண்ணி, விலை கூடினாலும் அதை எடுக்கிறோம். எடுத்த கையோடு பாக்கெட்டைத் திருப்பி 'இன்கிரீடியன்ட்ஸ்' பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. முதல் பெயர் 'ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்' என்றிருந்தால் அது மைதா. 'ஹோல் வீட் ஃப்ளோர்' அல்லது 'ஆட்டா' என்றிருந்தால்தான் முழுக்கோதுமை. அப்படியென்றால் அந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது? பட்டியலின் கடைசியில் 150 என்று தொடங்கும் ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். அது காரமல், வெறும் சாயம்.

இன்னொரு விதியும் நமக்குச் சாதகமானது. பாக்கெட்டின் முகப்பில் ஒரு பொருளைப் பெயராலோ படத்தாலோ தூக்கிக் காட்டினால், அது எத்தனை சதவீதம் என்று போட்டாக வேண்டும். 'ராகி பிஸ்கட்' வாங்கும்போது ராகிக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைத் தேடுங்கள். ஒற்றை இலக்கமாக இருந்தால் அது பெரும்பாலும் மைதா பிஸ்கட்தான், ராகி வாசனைக்குத் தூவியது.

சர்க்கரை விஷயத்தில் பட்டியலை மட்டும் நம்ப முடியாது. சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று நாலாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் அளவில் சிறுத்து, பட்டியலில் கீழே இறங்கிவிடும். அதனால் சத்து அட்டவணையில் 'ஆடட் சுகர்ஸ்' வரியைப் பாருங்கள். 4 கிராம் என்பது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். 100 கிராம் சத்துமாவு பானத்தூளில் 32 கிராம் என்றிருந்தால், டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. அதைப் பாலில் கரைத்து மேலே இன்னொரு ஸ்பூன் போடும் வீடுகளும் உண்டு! 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயருக்கு நம் உணவுச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் கடைகளை அந்தத் தலைப்பிலிருந்து இந்தப் பானத்தூள்களை எடுக்கச் சொன்னதும் அதனால்தான்.

உப்பு 'சோடியம்' என்ற பெயரில் மில்லிகிராமில் இருக்கும். 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைத்துவிடும். உடனடி நூடுல்ஸில் 100 கிராமுக்கு 1,100 மி.கி. சோடியம் என்று வையுங்கள். 70 கிராம் பாக்கெட்டில் 770 மி.கி., அதாவது ஏறக்குறைய 2 கிராம் உப்பு. லேபிள் கணக்கில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் வரம்பே 5 கிராம்தான். ஊறுகாய், அப்பளத்துக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இங்கே பலர் ஏமாறுவது 'பெர் சர்வ்' வரியில். சிப்ஸ் பாக்கெட்டில் ஒரு சர்வ், அதாவது ஒரு தடவை சாப்பிடும் அளவு, 20 அல்லது 30 கிராம் என்று வைத்து, அது நாள் வரம்பில் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். பாக்கெட்டைப் பிரித்தவர் யார் 20 கிராமோடு நிறுத்துகிறார்? இரண்டு கம்பெனிப் பொருளை ஒப்பிட 100 கிராம் வரியை மட்டும் பாருங்கள்.

கடலை எண்ணெய் பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருந்தால் அதற்காகக் காசு கூடக் கொடுக்காதீர்கள். தாவர எண்ணெய் எதிலுமே சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது.

லேபிள் இல்லாமல் சில்லறையாக வாங்குவதற்குக் கண்ணும் மூக்கும்தான் துணை. துவரம்பருப்பு உருண்டையாக இருக்கும். ஒரு பக்கம் சரிந்து சதுரமாகத் தெரிந்தால் கேசரிப் பருப்பு என்ற கலப்படப் பருப்பு கலந்திருக்கலாம். வெல்லம் பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்திருக்க வாய்ப்பு அதிகம், கரும்பழுப்பை எடுங்கள். சாமை, வரகு, குதிரைவாலி வெள்ளை வெளேரென்று மின்னினால் தவிடு போக நன்றாகத் தீட்டியது. அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறுவதே அந்தத் தவிட்டின் நார்ச்சத்துக்காகத்தானே. மங்கலாக, மேலே மெல்லிய பழுப்புத் தோல் ஒட்டியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் தவிட்டில் எண்ணெய் உண்டு, சீக்கிரம் காறிவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஐந்து கிலோ வாங்கி அடுக்காமல் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். கடையிலேயே நாலு மணியை வாயில் போட்டு மெல்லுங்கள். கடைசியில் நாக்கில் கசப்புத் தங்கினால் அந்த மூட்டை பழசு.