1933 பான்டியாக்குக்குக் கிடைத்த ஷெவர்லே தூண்கள்

1933ஆம் ஆண்டின் இரண்டு கதவு பான்டியாக் ஒன்றின் உள்துணியைக் கழற்றியபோது, கதவுக்குப் பின்னால் நிற்கும் தூணின் அடிப்பகுதி விரல் பட்ட மாத்திரத்தில் பொடியாக உதிர்ந்தது. அக்காலத்தில் பான்டியாக், ஷெவர்லே உள்ளிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்குப் பாடி கட்டித் தந்த ஃபிஷர் நிறுவனம், கடின மரத்தில் சட்டகம் அமைத்து, அதன்மேல் எஃகுத் தகட்டைப் போர்த்தி ஆணி அடித்தது. கூரையின் நடுப்பகுதி தகடு அன்று, நீர்புகாத் துணி; அதன் விளிம்பு வெடித்தால் மழைநீர் தூண்கள் வழியே இறங்கி, அவை ஊன்றி நிற்கும் மர அடிச்சட்டத்தில் தங்கிவிடும். என் காரில் இரு தூண்களும், ஒரு பக்க அடிச்சட்டமும், பின்கண்ணாடிக்குக் கீழே வரும் குறுக்குக்கட்டையும் கெட்டிருந்தன.

பான்டியாக் மரம் என்று கேட்டே பல மாதங்கள் தேடினேன், எதுவும் அகப்படவில்லை. கார் எந்தப் பெயரில் விற்கப்பட்டது என்பதைவிட அதன்மேல் எந்தப் பாடி அமர்ந்திருக்கிறது என்பதே முக்கியம் என்று புரிந்த பிறகுதான் வழி திறந்தது. அவ்வாண்டு பான்டியாக்கும் ஷெவர்லேயின் பெரிய வகையான மாஸ்டரும் ஒரே வகை ஃபிஷர் பாடியைப் பகிர்ந்துகொண்டன. பான்டியாக்கின் முன்பின் அச்சுகளுக்கு இடையே 115 அங்குலம், ஷெவர்லேயில் 110 அங்குலம் என்ற வேறுபாடு முதலில் என்னைத் தயங்க வைத்தது. ஆனால் நேர்வரிசையில் எட்டு சிலிண்டர்கள் கொண்ட நீண்ட என்ஜினுக்கு இடம் தேவைப்பட்டதால், அந்தக் கூடுதல் நீளம் பயணிகள் அறைக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. மரச்சட்டகத்தை அது தொடவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே ஆண்டின் சிறிய ஷெவர்லே 107 அங்குல அச்சு இடைவெளியில் வேறு பாடியோடு வந்தது. ஷெவர்லே என்ற பெயரை மட்டும் நம்பி அதன் மரத்தை வாங்கினால் பணம் வீண். 1932ஆம் ஆண்டுக் கதவு மரமும் உதவாது, ஏனெனில் கதவுக் கண்ணாடியின் முன்பக்கத்தில் தனியே சுழலும் சிறு கண்ணாடியை ஃபிஷர் 1933இல்தான் கொண்டுவந்தது. அதற்கேற்பக் கதவின் மேற்சட்டகமும் மாறிற்று. 1935இல் முழு எஃகுக் கூரை வந்ததும் மேல்சட்டங்களின் அமைப்பே வேறாகிவிட்டது.

இவ்வளவு அறிந்த பிறகும் ஒரு தவறு நேர்ந்தது. ஆண்டும் வகையும் சரியாக எழுதப்பட்டு வந்த தூண் ஒன்று, பிரித்துப் பார்த்தபோது நான்கு கதவுக் காருடையது. நடுத்தூணின் இடமும் வளைவும் கதவு எண்ணிக்கையைப் பொறுத்தவை என்பதால் அதை இழைத்தும் பயன்படுத்த இயலவில்லை. அதன்பின் விற்பவரிடம் புகைப்படம் கேட்பதை நிறுத்திவிட்டேன். கோணம் மாறினால் வளைவும் மாறித் தெரியும். மரத்தைத் தாளின்மேல் படுக்கவைத்து முழு அளவில் விளிம்பு வரைந்து, உலோக உறுப்புகள் உட்காரும் குழிகளுக்கு இடையிலான தூரத்தையும் குறித்து அனுப்பும்படி கேட்டேன். பழைய தூணின் மிச்சத்தை அந்த வரைபடத்தின்மேல் வைத்து ஒப்பிட்ட பின்னரே, கலைக்கப்பட்ட ஷெவர்லே மாஸ்டர் ஒன்றின் இரு தூண்களையும் வாங்கினேன். இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பங்கள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் திருப்பி வைக்க முடியாது.

இந்த வேலையைத் தொடங்குபவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான்: மரத்தைக் கழற்றுவதற்கு முன் கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பிணைத்து, மூலைவிட்ட அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். தகடு தானாக நிற்பதுபோல் தோன்றினாலும், உள்ளிருக்கும் மரம் போனவுடன் அது தொய்ந்து, பிறகு எந்த மரமும் பொருந்தாமல் போகும். உதிர்ந்த துண்டுகளையும் எறியாதீர்கள்.

தூண்களைப் பசையின்றித் திருகாணியால் மட்டும் நிறுத்தி, கதவுகளை மாட்டினேன். இடக்கதவின் கீழ்விளிம்பு கால் அங்குலம் வெளியே நின்றது. தூணைச் செதுக்கக் கை துடித்தாலும் பொறுத்து, பாடிக்கும் அதைத் தாங்கும் காரின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே உயரம் சரிசெய்ய வைக்கும் தகட்டுச் சில்லுகளை முதலில் சோதித்தேன். ஒரு மூலையில் சில்லு குறைந்திருந்தது. அதைச் சேர்த்தபின் கதவு ஒழுங்காக மூடியது. அதன் பிறகே கழுந்துகளை, அதாவது மரங்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் முனைகளை, பசையிட்டு இறுக்கினேன்.

மர அடிச்சட்டம் நேரான கட்டை என்பதால் புதிதாகவே செய்துகொண்டேன். பின்கண்ணாடிக் குறுக்குக்கட்டை மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. சேர்த்து வைத்த துண்டுகளை ஒட்டுப்பலகையின்மேல் அடுக்கி, விடுபட்ட இடங்களைத் தகட்டின் வளைவிலிருந்து வரைந்து, நன்கு உலர்ந்த ஆஷ் மரத்தில் அறுத்தேன். மூன்றாவது கட்டைதான் சரியாக உட்கார்ந்தது. அந்த அச்சுப்பலகையில் அளவுகளையும் ஆண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். அதே இரண்டு கதவு பாடியை மீட்டெடுக்கும் யாருக்கும் அதை இரவல் தரக் காத்திருக்கிறேன்.