சீனாவிலிருந்து பம்ப் சீல் இறக்கினேன்: வரிக்கணக்கு எப்படிப் போனது

திருவொற்றியூரில் பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்கள்தான் வாடிக்கை. வேகமாக விற்பது மெக்கானிக்கல் சீல், அதாவது பம்ப்பின் சுழலும் தண்டோரம் தண்ணீர் கசியாமல் அடைக்கும் பாகம். அதை நாமே இறக்குமதி செய்து பார்க்கலாமே என்று போன வருஷம் இறங்கினேன்.

பெங்களூரிலிருந்து வாங்கினால் விற்பவரே பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. (வெளிமாநிலச் சரக்குக்கும் இறக்குமதிக்கும் போடும் ஜி.எஸ்.டி.) போட்டு அனுப்பிவிடுவார். சீனாக்காரர் அனுப்பிய பில்லில் வரி என்று ஒரு பைசா இல்லை. மலிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். அந்த வரியை நாம் கஸ்டம்ஸில் கட்ட வேண்டும், கட்டாமல் சரக்கு வெளியே வராது.

இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண் வாங்குவது சுலபம். ஆன்லைனில் 500 ரூபாய், நம் பான் எண்ணே அந்த எண்ணாக வரும். அப்புறம் தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டைப் பிடித்தேன். "தம்பி, ஐ.ஜி.எஸ்.டி. பதினெட்டு பர்சென்ட்டை சரக்கு விலையோட அப்படியே பெருக்கிடாதீங்க" என்று சொல்லி ஒரு பழைய டெலிவரி ஆர்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

சரக்கு விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் மூன்றையும் சேர்த்து, கஸ்டம்ஸ் அறிவிக்கும் டாலர் ரேட்டில் மாற்றியதுதான் அடிப்படை மதிப்பு. அது ஒரு லட்சம் என்று வையுங்கள். சுங்கவரி 7.5 சதவீதம், 7,500. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ், 750. ஆக 1,08,250. இந்தத் தொகைக்குத்தான் 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி., அதாவது 19,485. மொத்தம் கட்டுவது 27,735.

இதில் 19,485 கிரெடிட்டாகத் திரும்பி வரும், அதாவது விற்கும்போது நாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். மீதி 8,250 போனது போனதுதான், அதை விற்பனை விலையில்தான் ஏற்ற வேண்டும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கிரெடிட்டே கிடையாது, 27,735-ம் அடக்க விலை.

சப்ளையர், "பில்லைப் பாதி விலைக்குப் போட்டுத் தரட்டுமா?" என்று தானாகவே கேட்டார். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். வியாபாரமாகப் பார்த்தாலும் வேலைக்காகாது. குறையும் ஐ.ஜி.எஸ்.டி. எப்படியும் திரும்பி வரப்போகிற பணம். கொள்முதல் பாதியாகத் தெரிந்தால் லாபம் பெரிதாகித் தெரியும், வருமான வரி ஏறும். பேங்க் வழியாக அனுப்பிய தொகையும் பில்லும் ஒத்துப்போகாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொருவர் கப்பல் கூலிக்குத் தனியாக ஒரு முறை ஜி.எஸ்.டி. கட்டச் சொன்னார். அது பழைய கதை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, 2023 அக்டோபரிலிருந்து விதியையே எடுத்துவிட்டார்கள்.

சரக்கு வந்த பிறகு, நடுவில் கஸ்டம்ஸிலிருந்து ஒரு கேள்வி வந்து நின்றது. இறக்குமதியை வேறு ஊர் அதிகாரியும் ஆன்லைனில் பார்க்கும் முகமறியா மதிப்பீடு 2020 ஜூனில் முதலில் தொடங்கியது சென்னையிலும் பெங்களூரிலும்தான், அதனால் பில் ஆஃப் என்ட்ரியை (சரக்கு விவரத்தோடு நாம் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் படிவம்) பார்க்கும் அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. ரப்பர் சீலா, மெக்கானிக்கல் சீலா என்பது அவர் கேள்வி. இரண்டுக்கும் வேறு வேறு எச்.எஸ். எண், அதாவது வரி போடச் சரக்கை வகைப்படுத்தும் எண். கடையிலிருந்த ஒரு சீலைப் பிரித்து, கார்பன் முகம், செராமிக் முகம், ஸ்பிரிங், ரப்பர் பெல்லோஸ் என்று வரிசையாக வைத்துப் படம் எடுத்து கேட்லாக்கோடு ஏற்றினோம். ஒத்துக்கொண்டார்கள். அதுவரை சரக்கு மணலி சி.எஃப்.எஸ்.ஸில் (கன்டெய்னர் சரக்கை வைக்கும் கிடங்கில்) கிடந்து வாடகை ஏறியது. அந்த வாடகைக்கும் ஏஜென்ட் கூலிக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கும் கிரெடிட் எடுக்கலாம்.

பில் ஆஃப் என்ட்ரியில் நம் ஜி.எஸ்.டி. எண் சரியாக இருக்கிறதா என்று ஏஜென்ட் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சரியாக இருந்தால் ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் (போர்ட்டல் மாதாமாதம் காட்டும் நம் கிரெடிட் பட்டியல்) இறக்குமதிப் பகுதியில் தொகை வந்து உட்காரும். வராவிட்டால் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் பில் எண், தேதி, துறைமுகக் குறியீடு கொடுத்துத் தேடி எடுக்கலாம். சென்னைத் துறைமுகத்துக்கு ஐ.என்.எம்.ஏ.ஏ.1. கப்பல் காட்டுப்பள்ளியில் நின்றிருந்தால் குறியீடு வேறு, எங்கள் பக்கத்தில் பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கிரெடிட்டைக் கவுன்டர் விற்பனையின் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி.யில் (மத்திய, மாநில ஜி.எஸ்.டி.) கழித்துக்கொள்ளலாம். ஆனால் சரக்கு விற்றால்தானே கழிக்க முடியும்? அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். உள்ளூர் மொத்த வியாபாரி கடன் தருவார், சீனாக்காரருக்கு முன்பணம், கஸ்டம்ஸுக்கு உடனடிப் பணம். அதனால் தினமும் ஓடுகிற சின்ன சைஸ்களை மட்டும் இறக்குகிறேன். பெரிய சைஸ் கேட்டு யாராவது வந்தால் உள்ளூரில் வாங்கித்தான் கொடுக்கிறேன்.