பெரியம்மாவுக்கு ஒரு பாட்டுப் பெட்டி

பெரியம்மாவுக்குப் பாட்டுப் பெட்டி வாங்கித் தரப்போகிறீர்களா? கடையில் விலை கேட்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். மெமரி கார்டைப் போட்டு ஏழெட்டுப் பாட்டு தள்ளிப் போங்கள். நடுப் பாட்டில் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். நல்ல பெட்டி அதே பாட்டை எடுக்கும். சுமாரான பெட்டி முதல் பாட்டுக்கு ஓடும். இன்னும் சில, "புளூடூத் மோட்" என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டு, இல்லாத போனைத் தேடிக்கொண்டு நிற்கும். வீடே தூங்கும் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தக் குரல் இரண்டு நாள் கத்தினால் போதும், மூன்றாம் நாள் பெட்டி பரணில் இருக்கும்.

அடுத்தது சத்தம் கூட்டும் பொத்தான். விலை குறைந்த பெட்டிகளில் ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலை. தட்டினால் அடுத்த பாட்டு, அழுத்திப் பிடித்தால் சத்தம். ரேடியோத் திருகிலேயே பழகிய கைக்கு இது கடைசி வரை பிடிபடாது. சத்தம் வைக்கப் போய்ப் பாட்டு மாறிக்கொண்டே இருக்கும். 'டக்' என்று திருப்பினால் உயிர் வந்து, மேலே திருப்பத் திருப்பச் சத்தம் ஏறுகிற திருகு உள்ளதாகத் தேடுங்கள். அலைந்தாவது தேடுங்கள்.

அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட்ஸ் கணக்கை, குறிப்பாக பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சக் கணக்கு) என்று போட்டிருந்தால், அப்படியே மறந்துவிடலாம். ஓர் அறைக்கு உண்மையான 3 வாட்ஸ் தாராளம். குட்டி ஸ்பீக்கர் இரண்டைவிட மூன்று அங்குல ஸ்பீக்கர் ஒன்று மேல். வயதாக ஆக முதலில் மங்குவது கீச்சென்ற உயர்சுருதி ஒலிகள்தான். 'ச', 'த' போன்ற எழுத்துகளின் கூர்மையும் அதோடு போய்விடும். அதனால் கடையில் பாட்டை வைத்துச் சோதிக்காமல் எஃப்.எம்.மில் யாராவது பேசுவதை வைத்துக் கேளுங்கள். நாலடி தள்ளி நின்று சொல் புரிகிறதா என்று பார்த்தால் போதும்.

பேட்டரியைக் கழற்ற முடிந்தால் நல்லது. பிஎல்-5சி என்ற பழைய நோக்கியா பேட்டரி போடும் பெட்டிகள் இன்னும் வருகின்றன. அது சின்ன ஊர் செல்போன் கடையிலும் கிடைக்கும். 18650 என்ற உருளை வடிவ செல் போட்டது கூடுதல் நேரம் பாடும். சார்ஜ் துளை டைப்-சி என்றால் தலைகீழாகச் செருகி உடைக்கும் தொல்லை இல்லை. ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. டைப்-சி சார்ஜரிடம் 'கரண்ட் கொடு' என்று சொல்லும் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டை, மலிவுப் பெட்டிகளில் காசு மிச்சம்பிடிக்க வைக்காமலே விட்டுவிடுவார்கள். அந்தப் பெட்டி இருபுறமும் டைப்-சி உள்ள புது போன் கேபிளில் சார்ஜே ஏறாது. 'பெட்டி செத்துப்போச்சு' என்று போன் வரும். ஒரு முனை பழைய தட்டை யுஎஸ்பியாக இருக்கும் கேபிளில் போட்டால் ஏறிவிடும். அந்தக் கேபிளையும் ஒரு சாதாரண 5 வோல்ட் சார்ஜரையும் பரிசோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

உள்ளேயே பாட்டு நிரப்பியது வேண்டுமென்றால் 2017-ல் வந்த சரிகம கார்வான் இருக்கிறது. தமிழ்ப் பதிப்பும் உண்டு. 5000 பாட்டு, இணையம் தேவையில்லை, பெரிய திருகு. ஆனால் சரிகம என்பது பழைய எச்.எம்.வி. நிறுவனம்தான், தன் கையில் உரிமை உள்ள பாட்டைத்தான் அது பெரும்பாலும் போடும். எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் பல எக்கோ நிறுவனம் வெளியிட்டவை. பெரியம்மா கேட்பது அவைதான் என்றால் வாங்குமுன் பாட்டுப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். உள்ளே இருப்பதை அழிக்க முடியாது. இல்லாததைத் தனி பென் டிரைவில்தான் செருக வேண்டும்.

இனி கார்டு. பரிசின் உயிர் இதில்தான் இருக்கிறது, ஆனால் பலரும் கடைசி நாள் ராத்திரி அவசரமாகச் செய்வதும் இதைத்தான்.

32 ஜிபிக்கு மேல் வேண்டாம். கார்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகள் பல உண்டு. அதற்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வரும். பல பெட்டிகள் ஃபேட்32 என்ற பழைய முறையை மட்டுமே படிக்கும். தேவையும் இல்லை. 192 கேபிபிஎஸ் எம்பி3-யில் ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 7 எம்பி. 500 பாட்டு போட்டாலும் 4 ஜிபி தாண்டாது. நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் கார்டுகளில் போலி உண்டு. முதல் நூறு பாட்டு நன்றாக ஓடிவிட்டு, மிச்சம் இரைச்சலாகவோ வெறுமையாகவோ வந்தால் அதுதான் காரணம். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் உண்மைக் கொள்ளளவைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்பாட்டிஃபையிலோ யூடியூப் மியூசிக்கிலோ 'டவுன்லோடு' செய்த பாட்டு அந்தச் செயலிக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும், கார்டுக்கு வராது. கையில் இருக்கும் சி.டி.யிலிருந்து எடுக்கலாம். ஐடியூன்ஸில் காசு கொடுத்து வாங்கியதில் பூட்டு இல்லை, ஆனால் எம்4ஏ வடிவில் இருக்கும். எம்பி3 ஆக மாற்றினால்தான் இந்தப் பெட்டிகளில் பாடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பாட்டு ஒன்று முணுமுணுக்கும், அடுத்த புதுப் பாட்டு காதைக் கிழிக்கும். எம்பி3கெயின் மென்பொருளில் எல்லாவற்றையும் 89 டெசிபலுக்குச் சமன் செய்யுங்கள். அது கோப்புக்குள்ளேயே அளவை மாற்றி எழுதுவதால் எந்தப் பெட்டியிலும் பலன் தெரியும்.

வரிசைதான் பலரையும் குழப்புவது. 001, 002 என்று பெயர் வைத்தும் பெட்டி கண்டபடி பாடுகிறதே என்பார்கள். பெட்டி பெயரைப் பார்ப்பதே இல்லை. கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதுதான் அதற்கு முதல் பாட்டு. எல்லாவற்றையும் கூட்டமாக இழுத்துப் போட்டால் எழுதும் வரிசை மாறிவிடும். டிரைவ்சார்ட் என்ற சின்ன மென்பொருள் இதைப் பெயர் வரிசைக்குத் திருப்பிவிடும். மேக்கில் நகலெடுத்தவர்களுக்குத் தனித் தலைவலி: ஒவ்வொரு பாட்டோடும் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த ஒளிவுக் கோப்பு ஒன்று கூடவே வரும். 500 பாட்டு போட்ட கார்டைப் பெட்டி 1000 என்று காட்டினால், ஒன்றுவிட்டு ஒன்று ஊமையாகத் தாண்டினால், விண்டோஸ் கணினியில் செருகி அவற்றை அழித்துவிடுங்கள்.

வரிசைக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பெட்டியின் சின்னத் திரையில் தெரிவது எண் மட்டும்தான். ரிமோட்டில் 4, 7 என்று தட்டினால் நாற்பத்தேழாவது பாட்டு வரும். வரிசை சரியாக இருந்தால், பெரிய எழுத்தில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிடலாம். 1 முதல் 40 வரை சாமிப் பாட்டு, 41 முதல் சுசீலா, 120 முதல் டி.எம்.எஸ். சமையலறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினால் அப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

எஃப்.எம். நிலையங்களைக் கடையிலேயே தேடிப் பதிந்து தருவார்கள். அது கடை இருக்கும் ஊருக்குத்தான் சரி. பெரியம்மா வீட்டில், பெட்டி நிரந்தரமாக இருக்கப்போகும் அலமாரியில் வைத்து, ஆன்டெனாவை நீட்டி மறுபடி தேடவிடுங்கள். தென்மாவட்டம் என்றால் கொடைக்கானல் 100.5 வருகிறதா என்று பாருங்கள்.

கொடுக்கும் அன்று ரிமோட் பேட்டரியில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உருவிவிட்டுக் கொடுங்கள். 'மோட்' பொத்தான் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். கார்டு வெளியே வந்து தொலைவதும் நடக்கும். அதே வரிசையில் இன்னொரு கார்டு எழுதி, சின்னக் கவரில் போட்டு, பட்டியல் தாளின் பின்பக்கமே ஒட்டிவையுங்கள்.