சித்தப்பா கடை டிவியில டோக்கன் நம்பர் ஃபுல்ஸ்க்ரீனா வந்த கதை

பெங்களூரு அல்சூர்ல எங்க சித்தப்பா மெஸ் வச்சிருக்காரு. மதியம் பார்சலுக்கு நிக்குற கூட்டம் ரோடு வரைக்கும் வந்துடும், கவுண்டர் பையன் "நலவத்தேளு... நலவத்தேளு..."ன்னு (நாப்பத்தேழு) கன்னடத்துல தொண்டை கிழிய கத்திட்டே இருப்பான், பாவமா இருக்கும். அவனுக்காகத்தான் பைத்தான்ல, விண்டோ வரையுறதுக்கு அதுலயே இருக்குற டிகின்டர் வச்சு ஒரு டோக்கன் போர்டு எழுதினேன். நம்பர் காட்டுறது அரை மணி நேர வேலை. அந்த விண்டோ டிவி முழுக்க வர்றதுக்கு மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

மொதல்ல விண்டோ எந்த நிலையில இருக்கணும்னு சொல்ற ஸ்டேட்ல 'ஜூம்டு' குடுத்தேன். என் விண்டோஸ் லேப்டாப்ல அழகா விரிஞ்சுது, கடையில இருக்குறது லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர், அங்க ரன் பண்ணதும் எரர். அந்த வார்த்தை விண்டோஸ்லயும் மேக்லயும்தான் செல்லும். செல்லுற எடத்துலயும் அது வெறும் மேக்ஸிமைஸ்தான், டைட்டில் பார் மேல அப்படியே நிக்கும், கை பட்டா போர்டு மூடிடும்.

அடுத்து, விண்டோவ சுத்தி இருக்குற சட்டத்தையே எடுத்துடுற ஓவர்ரைடுரீடைரக்ட். டைட்டில் பார் போச்சு, கூடவே கீபோர்டும் போச்சு! லினக்ஸ்ல இது விண்டோக்கள நிர்வாகம் பண்ற விண்டோ மேனேஜர ஒதுக்கிட்டு வரையுற வழி, அதனால ஃபோகஸ் வர்றதில்ல, அமுக்குற கீ எதுவும் அந்த விண்டோவுக்குப் போகாது. பில் போடுற ஸ்க்ரீன் அடியில மாட்டிக்கிச்சு, வரிசையில ஆளுங்க நிக்குறாங்க, சித்தப்பா "தம்பி, சீக்கிரம் ஏதாவது பண்ணுப்பா"ங்குறாரு, எஸ்கேப் அமுக்கி அமுக்கி பாக்குறேன் ஒண்ணும் நடக்கல. கடைசியில கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அமுக்கி, கருப்பு ஸ்க்ரீன்ல லாகின் பண்ணி ப்ராசஸ கில் பண்ணேன்.

சரியான வழி ஒரே வரிதான்: ரூட்டோட, அதாவது மெயின் விண்டோவோட, அட்ரிப்யூட்ஸ்ல மைனஸ் ஃபுல்ஸ்க்ரீன், ட்ரூ. மூணு சிஸ்டத்துலயும் ஓடும். ஆனா தயவு செஞ்சு அதுக்கு முந்தின வரியிலயே எஸ்கேப் கீய பைண்ட் பண்ணி, அதே அட்ரிப்யூட்ட ஃபால்ஸ் ஆக்குற மாதிரி வச்சிடுங்க, அப்புறம் சேத்துக்கலாம்னு விட்டுடாதீங்க.

ரெண்டு ஸ்க்ரீன் இருந்தா இன்னொரு விஷயம் இருக்கு. பில் மானிட்டர் 1366 பிக்சல் அகலம், பக்கத்துல டிவி 1920. ஸ்க்ரீன் அகலத்த சொல்ற வின்ஃபோ ஸ்க்ரீன்வித் கேட்டா ரெண்டையும் கூட்டி 3286ன்னு சொல்லுது, அத பாதியாக்கி நம்பர வச்சா வலது ஓரத்துக்கு ஓடிடுது. விண்டோவோட சொந்த அகலத்த கேக்கலாம்னா, அப்டேட் பண்றதுக்கு முன்னாடி கேட்டா 1ன்னு வருது. நான் அந்த கணக்கையே விட்டுட்டு நம்பர எங்க வைக்கணும்னு சொல்ற பிளேஸ்ல ரெல்எக்ஸ் 0.5, ரெல்ஒய் 0.5, ஆங்கர் சென்டர்னு குடுத்துட்டேன், எந்த ஸ்க்ரீன்லயும் நடுவுலதான் நிக்கும். விண்டோவ டிவி பக்கம் தள்ள, ஃபுல்ஸ்க்ரீனுக்கு முன்னாடி விண்டோவோட எடத்த சொல்ற ஜியாமெட்ரியில பிளஸ் 1366 பிளஸ் 0 குடுத்தேன். ஃபாண்ட் சைஸ மைனஸ்ல குடுத்தா பிக்சல் கணக்கா எடுத்துக்கும், நான் மைனஸ் 700 வச்சிருக்கேன், ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்னாலே தெரியுது.

இவ்வளவும் பண்ணியும் மேல எழுதின கடை பேர்ல பாதி தலை வெட்டுப்பட்டுச்சு. ப்ரோக்ராம்ல ஒரு மணி நேரம் தேடினேன். டிவி தானாவே படத்த கொஞ்சம் பெருசாக்கி ஓரத்த வெட்டுது, ரிமோட்ல பிக்சர் சைஸ மாத்தினதும் பேரு முழுசா வந்துச்சு. பவர் செட்டிங்ஸ்ல ஸ்க்ரீன் அணையுறதயும் நிறுத்திட்டேன். இப்ப அந்தப் பையன் பார்சல கட்டிட்டே ஸ்பேஸ் பார ஒரு தட்டு தட்டுறான், அடுத்த நம்பர் வருது.