ஆப்பிரிக்கப் பொருளாதார வரலாறு: ஒரு விளைபொருளைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்

எம்.ஏ. பொருளாதாரத்தில் இதை விருப்பப் பாடமாக எடுப்பவர்களை முதலில் மிரட்டுவது நாடுகளின் எண்ணிக்கை. 54 நாடுகளுக்கும் தனித்தனியாக நோட்ஸ் எடுக்க உட்கார்ந்தால் செமஸ்டர்தான் முடியும். நான் கானாவை மட்டும் எடுத்து, அங்கே கோகோவின் கதையை நூறு வருடத்துக்கு விடாமல் படித்தேன். மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

1879-ல் உள்ளூர்க்காரரான டெட்டே குவாஷி பெர்னாண்டோ போ தீவிலிருந்து கோகோ விதை கொண்டுவந்தார் என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டு நகருங்கள். மதிப்பெண் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. உள்ளூர் விவசாயிகளே கூட்டாகப் பணம் போட்டுக் காட்டை வாங்கி, கோகோ நட்டு, 1911 வாக்கில் கோல்டு கோஸ்ட்டை (கானாவின் அன்றைய பெயர்) உலகின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். ‘வளர்ச்சி காலனி ஆட்சியின் கொடையா?’ என்ற மாதிரிக் கேள்விக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. கூடவே ஒரு சின்ன வரைபடம் போடுங்கள்: செகொண்டி துறைமுகம், தார்க்வா, ஒபுவாசி, 1903-ல் குமாசி. தங்கச் சுரங்கத்துக்காகப் போட்ட ரயில்பாதை அது. பக்கத்து நாட்டுக்குப் போகாமல் கடலுக்கே ஓடுவதைப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

நன்றாக ஊறிப் படிக்க வேண்டிய இடம் விலைக் கதை. ஐரோப்பிய கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக் கொள்முதல் விலையை அமுக்கியபோது, 1937-38-ல் விவசாயிகள் கோகோவை விற்க மறுத்தார்கள். இறக்குமதிச் சாமான்களையும் புறக்கணித்தார்கள். பிறகு 1947-ல் அரசின் கோகோ சந்தை வாரியம் வந்தது. உலக விலைக்குக் கீழே வாங்கி, மிச்சத்தைத் தானே வைத்துக்கொண்டது. 1957-ல் விடுதலை கிடைத்த பிறகும் நாட்டின் முதல் தலைவரான நிக்ருமாவின் அரசு அதைக் கலைக்கவில்லை. இவ்வளவு வருமானம் தரும் பசுவை எந்த அரசு விற்கும்? விடுதலைக்கு முன்பே, 1954-ல் உலக விலை ஏறியபோது விவசாயிக்கான விலையை அரசு நிறுத்திவைக்க, அசாந்திப் பகுதியில் எதிர்க்கட்சியே முளைத்தது. 1965-ல் விலை சரிந்தது, 1966-ல் ஆட்சி கவிழ்ந்தது. கோகோதான் கவிழ்த்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், திருத்துபவர் சுழித்துவிடுவார். எழுபதுகளில் மூட்டைகள் எல்லை தாண்டி ஐவரி கோஸ்ட்டுக்குக் கடத்தப்பட்டன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் உற்பத்தியில் அந்த நாடே முந்திவிட்டது.

இது கைவந்தால் ஜாம்பியாவின் செம்பு, போட்ஸ்வானாவின் வைரம் எல்லாம் வேகமாக ஓடும். சொத்து யார் கையில், விலையை வைத்தது யார் என்று இரண்டே கேள்வி கேளுங்கள், போதும்.

ஜி.டி.பி. தரவரிசைப் பட்டியல்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். 2010-ல் கானா கணக்கீட்டின் அடிப்படை ஆண்டை (எந்த ஆண்டின் விலைகளை வைத்துக் கணக்குப் போடுகிறார்களோ அந்த ஆண்டை) மாற்றியதும் ஜி.டி.பி. சுமார் 60 சதவீதம் கூடிவிட்டது. ஊரில் ஒரு மரம்கூடக் கூடுதலாகக் காய்க்கவில்லை. எண் எழுதியே ஆக வேண்டுமென்றால் அடிப்படை ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.