கேமராவுக்கு முன்னால் கம்பிரசர்

தேயிலைத் தொழிற்சாலைகளில் இருக்கும் கலர் சோர்ட்டர்களைப் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் பயிலுநராகச் சேர்ந்திருக்கிறேன். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் அறை. வேலை மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கங்களில். மறுநாள் எந்த பஸ் என்பது இரவு வரும் தொலைபேசி அழைப்பில்தான் தெரியும்.

இயந்திரத்தின் வேலை இதுதான். உலர்த்திச் சலித்த தேயிலை சரிவான தகட்டில் வழுக்கி விழும்; கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். கறுத்த தூளுக்கு நடுவே சிவந்த காம்போ நாரோ தெரிந்தால், சிறு துளையிலிருந்து காற்று ஊதி அதை மட்டும் வேறு பக்கம் தள்ளிவிடும்.

மின்னணுவியல் படித்த எனக்குக் கேமராமீதுதான் ஆசை. பயிற்சி தரும் அண்ணனோ போனதும், ஊதுவதற்கான காற்றை அழுத்தித் தரும் கம்பிரசரிடம்தான் கூட்டிப்போவார். மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றில், மேற்குச் சரிவுகளில் எந்நேரமும் ஈரம். அந்தக் காற்றை அழுத்தித் தாங்கிக்குள் அடைத்தால், ஆறும்போது தண்ணீர் பிரியும். அடி வால்வைத் திறந்து அதை வடிக்காமல் விட்டால், காற்று உலர்த்தியும் மக்கர் செய்தால், ஈரம் ஊதுவால்வுவரை போய்த் தேயிலைத் தூசியோடு சேர்ந்து பிசுபிசுக்கும். வால்வு கொஞ்சம் பிந்தினால் போதும், காம்பு தப்பிவிடும், நல்ல தேயிலை பறந்துவிடும். தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் "கேமரா போய்விட்டது" என்று அழைப்பார். அமுக்கமானி, கண்ணாடியில் தூசி, மின்னழுத்தம், எர்த்: இவற்றைப் பார்க்காமல் மூடியைத் திறக்க அண்ணன் விடமாட்டார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவர் சொல்வது சரி.

ஒரு தொழிற்சாலையில், நாங்கள் பையை இறக்கும் முன்பே சோர்ட்டரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, "தம்பி, அந்த ஓரத்தில் ஊதுகிற சத்தம் நேற்றிலிருந்து மந்தமாக இருக்கிறது" என்றார். பழுதும் அங்கேதான். வால்வைக் கழற்றித் துடைத்து மாட்டினோம்.

அவர் முன்பு அதே கூடத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து கையால் காம்பு பொறுக்கியவர். இயந்திரம் வந்த பிறகு அந்தக் கூடத்தில் மிஞ்சியவர் அவர் மட்டுமே. திரும்பும்போது அண்ணனிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தேன். பஸ் நேரம் பார்த்தார். பஸ் வந்தும் நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தாங்கியைத் தினமும் வடிக்கும்படி டீமேக்கர்களிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில். பாதிப் பேர் "மல்லி" (சிங்களத்தில் தம்பி) என்று அன்பாகக் கூப்பிட்டு, நல்ல தேநீராகக் கொடுத்து, வடிக்காமலேயே அனுப்பிவிடுகிறார்கள்.