பால் மரத்து ஊரில் ரத்தம் பிரிக்கப் படிக்கிறேன்

கல்யாணமாகி மலேசியா வரப்போகும் நர்ஸ் தங்கைகள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, அங்கே வந்தால் படித்த படிப்பு என்ன ஆகும்?" கொஞ்ச காலம் கிடப்பில் கிடக்கும், ஆனால் வீணாகாது என்று சொல்வேன். கோலாலம்பூர் என்றால் பரவாயில்லை, தோட்டப்புறத்துச் சின்ன ஊர் என்றால் எல்லாம் முடிந்தது என்று கவலைப்படுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வாழ்க்கைப்பட்டது பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960இல், அவர் முன்நின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் கட்டி, அந்தச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. இந்தக் கதையைச் சொல்லும்போது என் மாமனாருக்குக் குரல் நிமிர்ந்துவிடும். லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை பார்த்து, இப்போது தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டில் இருப்பவர் அவர். மதுரையிலிருந்து வந்த எனக்கு இந்த ஊர் பழகியதில் பாதி அவரால்தான்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனைவியாக வந்தவள் வேலை செய்யக் குடிநுழைவுத் துறையின் அனுமதி வேண்டும். நர்ஸாக வேலை செய்ய மலேசியத் தாதியர் வாரியத்தின் பதிவு வேண்டும். இரண்டுக்கும் பொறுமை வேண்டும். காத்திருந்த மாதங்களில் பசார் (சந்தை) கடைக்காரர்களிடம் மலாய் பழகினேன். அப்புறம் ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் இடம் கிடைத்தது. அங்கேதான் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை எடுத்துவிட்டு ஈடு கொடுப்பதை, அருகிலிருந்து பார்த்தேன். பதிவு பெற்ற நர்ஸுகளுக்கான அஃபெரிசிஸ் (ரத்தத்தை மிஷினில் பிரித்தெடுக்கும் முறை) மேற்படிப்பில் இணையவழியாகச் சேர்ந்தேன். பாடம் இரவில் வீட்டு மேசையில், பயிற்சி பகலில் பிரிவில், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில்.

"ராத்திரி முழுக்க என்னம்மா படிக்கிற?" என்று மாமா ஒருநாள் கேட்டார். உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்து, மிஷினில் சுழற்றிப் பிரித்து, வேண்டாததை எடுத்துவிட்டு மிச்சத்தைத் திரும்ப உள்ளே விடுவது என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அட, நம்ம பால் மாதிரிதான்லா!" என்றார். மரத்திலிருந்து வரும் பாலில் 30 சதவீதம் அளவுக்குத்தான் ரப்பர். ஆலையில் அதைச் சுழற்றி 60 சதவீதமாக்குவார்கள். வழியிலேயே உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா கலப்பார்கள். "நீங்க ரத்தத்துல என்ன ஊத்துவீங்க?" என்று உடனே கேட்டாரே, அதுதான் எனக்கு ஆச்சரியம். பாடத்தின் மையமான கேள்வியே அதுதான்.

நாங்கள் கலப்பது சிட்ரேட். ரத்தம் உறைவதற்குக் கால்சியம் தேவை, சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழாய்க்குள் நடக்கும்வரை நல்லது. ஆனால் அதில் ஒரு பங்கு நோயாளியின் உடம்புக்குள்ளும் போகிறது. அப்போது முதலில் உதட்டைச் சுற்றி மரத்ததுபோல் இருக்கும், விரல் நுனி குறுகுறுக்கும். அந்த நேரத்தில் வேகத்தைக் குறைத்து, கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். கவனிக்காமல் விட்டால் தசை இழுக்கும், இதயத் துடிப்பே மாறும். மிஷின் அலாரம் இதைச் சொல்லாது. நோயாளிதான் சொல்ல வேண்டும், அவர் சொல்வதற்கு நாம் கேட்க வேண்டும். தோட்டத்து முதியவர்கள் தானாக வாய் திறக்க மாட்டார்கள். மிஸ்ஸிக்கு (நர்ஸுக்கு) எதற்குத் தொந்தரவு என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அதனால் சிகிச்சை நடக்கும் இரண்டு மூன்று மணி நேரமும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். பேரன் என்ன படிக்கிறான், மரத்தில் பால் வெட்டிய காலத்தில் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று கேட்டபடியே உதட்டையும் விரலையும் பார்ப்பேன்.

கணக்கும் உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குக் கிலோவுக்கு 65 மில்லி என்று வைத்தால் ரத்தம் 3,900 மில்லி. ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 40 சதவீதம் என்றால் மீதி 60 சதவீதமான 2,340 மில்லி பிளாஸ்மா. ஒரு தடவை அந்த அளவையோ அதில் ஒன்றரை மடங்கையோ எடுத்து, ஈடாக அல்புமின் (பிளாஸ்மாவில் உள்ள ஒரு புரதம்) அல்லது தானப் பிளாஸ்மா கொடுப்போம். அல்புமின் கொடுப்பதாக இருந்தால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: பெரிண்டோப்ரில், எனலாப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரைகளை 24 மணி நேரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் சட்டென்று விழும். இங்கே பலர் "பிரஷர் மாத்திரை" என்பதற்கு மேல் பெயர் அறியாதவர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள் என்று குடும்பத்தினரிடம் நானே போனில் சொல்லிவிடுவேன்.

இந்தத் துறை பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1960களில் ஐபிஎம் நிறுவனத்துப் பொறியாளர் ஜார்ஜ் ஜட்சனின் மகனுக்கு ரத்தப் புற்றுநோய். அந்தத் தகப்பன் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்துக்குப் போய், டாக்டர் எமில் ஃப்ரைரைக்கோடு சேர்ந்து ரத்த அணுக்களைத் தொடர்ச்சியாகப் பிரிக்கும் மிஷினை உருவாக்கினார். இன்று நாங்கள் பயன்படுத்தும் சுழல் மிஷின்கள் அந்த வழியில் வந்தவை. டிடிபி என்ற நோயில், சின்ன ரத்தக் குழாய்களில் ரத்தம் கட்டி கட்டியாக உறைந்து அடைத்து, முன்பெல்லாம் 10 பேரில் 9 பேர் இறந்துபோனார்கள். பிளாஸ்மா மாற்று வந்த பிறகு பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். இதைப் படித்த இரவு நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் தோட்டத்து ஊருக்கு இதில் என்ன வேலை என்றால், நேரம். குயில்லன் பாரே என்ற நோயில் கால் விரலில் தொடங்கும் பலவீனம் சில நாட்களில் மேலே ஏறும், மூச்சுத் தசையையும் பிடிக்கலாம். அதற்குப் பிளாஸ்மா மாற்று செய்வார்கள், அல்லது தானப் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த எதிர்ப்புரதங்களான ஐவிஐஜி மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் முதல் வாரத்திலேயே தொடங்கினால் பலன் அதிகம். இங்கே அந்த முதல் வாரம்தான் எண்ணெய் தேய்ப்பதிலும் உருவிவிடுவதிலும் போகிறது. முன்பு தோட்டத்தில் டிரஸர் (மருத்துவ உதவியாளர்) ஒருவர் இருப்பார், வாசல் தாண்டினால் போய்ப் பார்க்கலாம் என்று அத்தை சொல்வார். லயங்கள் காலியானபோது அவரும் இல்லாமல் போனார். அந்த இடத்தை நான் நிரப்ப முடியாது. ஆனால் கோயில் மண்டபத்தில் பெண்கள் கூடும்போது ஒன்றை மட்டும் விடாமல் சொல்கிறேன்: இரண்டு காலும் சேர்ந்து பலம் குறைந்து, அது மேலே ஏறினால் வீட்டில் வைத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மேற்படிப்பு எனக்குக் கொடுத்ததில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். இதைப் படிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

வரப்போகிற தங்கைகளுக்கு: விமானம் ஏறுவதற்கு முன்பே தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவுச் சரிபார்ப்புக் கடிதத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள், இங்கிருந்து அதை வாங்குவது பெரும்பாடு. வேலை பார்த்த இடத்தில் எந்தப் பிரிவில், எவ்வளவு காலம் என்று எழுதி வாங்குங்கள். அப்புறம் கூலிமோ தெலுக் இந்தானோ பந்திங்கோ, எந்த ஊருக்கு வந்தாலும், பக்கத்திலிருக்கும் பெரிய மருத்துவமனையில் பிளாஸ்மா மாற்று எந்தப் பிரிவில் நடக்கிறது என்று விசாரியுங்கள். சில இடத்தில் டயாலிசிஸ், சில இடத்தில் ஐசியு, சில இடத்தில் ரத்த வங்கி. அந்தப் பிரிவில் வேலை கேளுங்கள். படிப்பில் சேர்வதற்கும் அந்த அனுபவம்தான் வழிவிடும்.